சுருதி இறங்கிய பிறகும் பாட்டு: ப்ராக் ராக் மூத்தவர்களின் பிற்கால ஆல்பங்களைக் கேட்க ஒரு செய்முறை

எங்கள் ஊர்ப் பக்கம் அம்மன் கோயில் கொடைக்கு வில்லுப்பாட்டு வைத்தால், குழுவை நடத்தும், எழுபது வயதைத் தாண்டிய அண்ணாவி ஒருவர் வில்லின் முன் வந்து அமர்வதை இன்றும் பார்க்கலாம். இளமையில் எட்டுக்கட்டையில் பாடியவர் என்று பெரியவர்கள் அவரைப் பற்றிச் சொல்வார்கள். இப்போது அவர் சுருதியை இறக்கிக்கொள்கிறார். உச்சத்துக்குப் போக வேண்டிய அடிகளைப் பின்பாட்டுக்காரர்களிடம் விட்டுவிடுகிறார். மூச்சு வாங்கும் இடத்தில் வீசுகோலால் வில்லைத் தட்டி, குடக்காரரை ஒரு சுற்று வாசிக்க விடுகிறார். குரல் போய்விட்டதென்று யாரும் எழுந்து போவதில்லை. கதை எங்கே போகிறது என்பதிலேயே எல்லோருக்கும் கண்ணாக இருக்கிறது.

இதே பொறுமையோடு ராக் இசையைக் கேட்கலாம் என்பது எனக்குப் பிடிபடப் பல ஆண்டுகள் ஆயின. ப்ராக்ரஸிவ் ராக், சுருக்கமாக ப்ராக் ராக், என்பது 1960-களின் இறுதியில் இங்கிலாந்தில் வளர்ந்த வகை. நீண்ட பாடல்கள், ஆல்பம் முழுக்க ஓடும் கதை, ஏழு எண்ணிக்கை, ஐந்து எண்ணிக்கை போன்ற தாளங்கள் ஆகியவை அதன் அடையாளங்கள். மிஸ்ர சாபு காதில் ஊறியவர்களுக்கு அந்த ஏழு எண்ணிக்கை ஒன்றும் அந்நியமாக இராது. அந்த இசையை உருவாக்கிய இளைஞர்கள் இப்போது எழுபதுகளின் நடுவிலும் எண்பதின் வாசலிலும் நின்றுகொண்டு இன்னும் புதிய ஆல்பங்களை வெளியிடுகிறார்கள். அவற்றை எப்படிக் கேட்பது என்பதைப் புதிதாகத் தொடங்குபவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

முதல் படி: பழையதில் இரண்டே இரண்டு

பிற்கால ஆல்பத்தை நேராக எடுத்தால், எது மாறியிருக்கிறது என்பது தெரியாது. அதற்காக ஐம்பது பழைய ஆல்பங்களையும் கேட்டு முடித்துவிட்டுத்தான் வர வேண்டும் என்பதில்லை, இரண்டு போதும். ஜெனிசிஸ் குழுவின் ‘ஃபாக்ஸ்ட்ராட்’ (1972) ஒன்று. அதில் பாடுபவர் பீட்டர் கேப்ரியல், கிட்டார் ஸ்டீவ் ஹாக்கெட். அதன் கடைசிப் பாடல் மட்டுமே ஏறத்தாழ 23 நிமிடம் ஓடும். மற்றொன்று பிங்க் ஃபிளாய்டின் ‘விஷ் யூ வேர் ஹியர்’ (1975). அதில் டேவிட் கில்மரின் கிட்டாரும் ரிச்சர்ட் ரைட்டின் கீபோர்டும் இருக்கின்றன. பின்னால் நாம் கேட்கப்போகிற நான்கு மூத்தவர்களில் மூவரின் இளமைக் குரலும் விரலும் இந்த இரண்டிலேயே கிடைத்துவிடுவதால், வேறு தேடல் வேண்டியதில்லை. ஒவ்வொன்றையும் இரண்டு முறை கேட்டுவிட்டு ஒரு வாரம் விட்டுவிடுங்கள்.

இரண்டாம் படி: ஷஃபிளை அணையுங்கள்

இதை என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். ஹாக்கெட்டின் ‘தி சர்க்கஸ் அண்ட் தி நைட்வேல்’ (2024) ஆல்பத்தை முதன்முதலில் நாகர்கோவில் வடசேரியில் பேருந்து ஏறி, திருவனந்தபுரம் போகும் வழியில் கேட்டேன். தக்கலை தாண்டும்போதே ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத துண்டுகளாக இருக்கிறதே என்று சலித்து நிறுத்திவிட்டேன். மார்த்தாண்டத்தில் இறங்கித் தேநீர் குடிக்கும்போதுதான், கைபேசியில் ஷஃபிள் (பாடல்களை வரிசை கலைத்துப் போடும் வசதி) போட்டபடி கிடப்பதைக் கவனித்தேன். அது டிராவ்லா என்ற இளைஞனின் பயணத்தைச் சொல்லும், ஹாக்கெட்டின் சொந்த வாழ்வையும் தொட்டுச் செல்லும் ஒரு தொடர்கதை. குழந்தையின் அழுகையும் நீராவி ரயிலின் ஓசையும் கலந்து, போருக்குப் பிந்திய லண்டனில் தொடங்குகிறது. வில்லுப்பாட்டில் தொடக்கத்தில் பாட வேண்டிய காப்புப் பாட்டை நடுவில் வைத்தால் எப்படி இருக்குமோ அப்படித்தான் நான் அதைக் கேட்டிருக்கிறேன். முழு ஆல்பமும் முக்கால் மணி நேரம்தான். ஓட்டு வீட்டில் இருப்பவர்கள் மழை நேரத்தைத் தவிர்ப்பது நல்லது. இரண்டு பருவமழையும் பெய்யும் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் அது கொஞ்சம் கடினமான அறிவுரை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

மூன்றாம் படி: தொண்டையை விரலிலிருந்து பிரித்துக் கேளுங்கள்

இந்தச் செய்முறையில் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். கலைஞருக்கு வயதாகிறது என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் ஒரே உடம்பில் தொண்டைக்கும் விரலுக்கும் ஒரே வேகத்தில் வயதாவதில்லை. கிட்டார்க்காரர்களுக்கு விரல் நெடுங்காலம் துணை நிற்கிறது. ஹாக்கெட் தம் எழுபதுகளின் தொடக்கத்தில் வெளியிட்ட ‘அண்டர் எ மெடிட்டரேனியன் ஸ்கை’ (2021) ஆல்பத்தில் நைலான் தந்திக் கிட்டாரை வாசிப்பதைக் கேட்டால், இளமையின் அவசரம் வடிந்திருப்பது தெரியுமே தவிர, தடுமாற்றம் தெரியாது.

பாடுபவர்களின் கதை வேறு. ஜெத்ரோ டல் குழுவின் இயன் ஆண்டர்சனுக்கு 1980-களின் நடுவிலேயே தொண்டைச் சிக்கல் தொடங்கிவிட்டது. நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் தமக்கு இருப்பதாக 2020-இல் அவரே வெளிப்படையாகச் சொன்னார். மேடையில் பல்லாண்டுகளாக விடப்பட்ட புகைமீது அவருக்குச் சந்தேகம் உண்டு. பாடுவது, புல்லாங்குழல் ஊதுவது ஆகிய இரண்டுமே மூச்சை நம்பிய தொழில் என்பதை நினைத்துப் பாருங்கள். அப்படிப்பட்டவர் ‘தி ஜெலட் ஜீன்’ (2022), ‘ராக்ஃப்ளூட்’ (2023), ‘க்யூரியஸ் ரூமினன்ட்’ (2025) என்று நான்கு ஆண்டுகளுக்குள் மூன்று ஆல்பங்களைக் கொண்டுவந்திருக்கிறார்.

கடைசியாகச் சொன்னதை வீட்டில் போட்டபோது என் மருமகன் கேட்டான்: “மாமா, இவரு பாடுதாரா, பேசுதாரா?” சரியான கேள்வி. அவர் பாதி பாடுகிறார், பாதி சொல்கிறார். வரிகளைக் குரல் எட்டும் எல்லைக்குள் எழுதிக்கொள்கிறார். குரல் நின்ற இடத்தில் குழல் எடுத்துக்கொள்கிறது. குழலுக்குள் மூச்சு இழுபடும் சிறு சரசரப்பும் ஒலிப்பதிவில் கேட்கும். ஒரு தாளை எடுத்துக்கொண்டு, குரல் எங்கே முடிகிறது, அடுத்த நொடியில் எந்தக் கருவி தொடங்குகிறது என்று ஒரே ஒரு பாடலுக்குக் குறித்துப் பாருங்கள். குரலின் குறையை ஒட்டியே பாடலின் கட்டுமானம் அமைக்கப்பட்டிருப்பது அந்தத் தாளில் தெரிந்துவிடும். அண்ணாவி குடக்காரரைப் பார்த்துக் கண்ணைக் காட்டுவதும் இதே ஏற்பாடுதான்.

நான்காம் படி: பௌர்ணமியும் அமாவாசையும்

கேப்ரியலின் ‘ஐ/ஓ’ ஆல்பம் 2023 டிசம்பர் 1 அன்று வெளிவந்தது. புதிய சொந்தப் பாடல்களைக் கொண்ட அவருடைய முந்தைய ஆல்பம் 2002-இல் வந்தது என்பதால், இடையில் 21 ஆண்டுகள் போயிருந்தன. அதன் 12 பாடல்களையும் அந்த ஆண்டு முழுவதும் பௌர்ணமிக்கு ஒன்றாக அவர் முன்கூட்டியே வெளியிட்டார். அதே பாடலின் மாற்று வடிவம் அமாவாசையன்று வந்தது. முக்கடலில் கதிரவன் இறங்குவதையும் நிலா எழுவதையும் ஒருசேரப் பார்க்கச் சித்ரா பௌர்ணமிக்குக் கன்னியாகுமரியில் கூட்டம் கூடுமல்லவா, அவ்வாண்டு அதே நாளில் வந்த பாடல் ‘ஃபோர் கைன்ட்ஸ் ஆஃப் ஹார்சஸ்’.

இங்கே தொடக்கநிலையாளர்கள் குழம்பும் ஓர் இடம் உண்டு. ஆல்பத்தைத் திறந்தால் ஒரே பெயரில் பாடல்கள் இரண்டு முறை வரும். தவறு ஏதுமில்லை. ஸ்பைக் ஸ்டென்ட் செய்த ‘பிரைட் சைட்’ மிக்ஸ் (பதிவான குரலையும் கருவிகளையும் ஒன்றுகலந்த வடிவம்) ஒன்று, சாட் பிளேக் செய்த ‘டார்க் சைட்’ மிக்ஸ் மற்றொன்று. ஸ்டென்ட்டை ஓவியருக்கும் பிளேக்கைச் சிற்பிக்கும் கேப்ரியல் ஒப்பிட்டிருக்கிறார். 24-ஐயும் ஒரே மூச்சில் கேட்காதீர்கள். ‘ப்ளேயிங் ஃபார் டைம்’ பாடலை மட்டும் எடுத்து, முதல் முறை குரலையும், இரண்டாம் முறை பின்னால் இருப்பவற்றையும் பின்தொடருங்கள். பிறகு மற்ற மிக்ஸில் அதையே செய்யுங்கள். நாகர்கோவில் பக்கத்துக் கிறிஸ்தவக் கோயில்களில் பாடகர் குழுவில் நின்று பாஸ் பகுதியைப் பாடியவர்களுக்கு இந்தப் பயிற்சி சட்டென்று கைகூடும். ராகத்தை விட்டுவிட்டு அடிக்குரலைப் பிடித்துக்கொள்ளும் பழக்கம் அவர்களுக்கு ஏற்கெனவே உண்டு. அந்த அடியில் பாஸ் கிட்டார் வாசிக்கும் டோனி லெவின், கேப்ரியலின் 1977-ஆம் ஆண்டு முதல் ஆல்பத்திலேயே வாசித்தவர்.

ஐந்தாம் படி: பாடல் வரிகள்

சுருக்கமாகச் சொன்னால், மூன்றாவது முறை கேட்கும்போது வரிகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு முன் வேண்டாம். மூப்பு, நினைவு, இறந்துபோன தாய் தந்தை ஆகியவையே அடிக்கடி வரும் பொருள்கள். சில இடங்களில் அவை உபதேசமாகவும் ஆகிவிடுகின்றன. மூத்தவர் என்பதற்காக அதையும் ரசித்தாக வேண்டிய கட்டாயம் ஒன்றுமில்லை. பிடிக்காத பாடலைக் குறித்துவைத்து ஆறு மாதம் கழித்து மறுபடி கேளுங்கள், அப்போதும் பிடிக்காவிட்டால் விட்டுவிடுங்கள்.

ஆறாம் படி: உடன் இருப்பவர்கள் யார்?

கில்மரின் ‘லக் அண்ட் ஸ்ட்ரேஞ்ச்’ 2024 செப்டம்பரில், அவருடைய 78-ஆம் வயதில் வந்தது. பாடல் வரிகளில் பெரும்பகுதி அவர் மனைவி பாலி சாம்சன் எழுதியவை. ஒரு பாடலை மகள் ரோமனி ஹார்ப் வாசித்தபடி பாடுகிறார். தயாரிப்பாளர் சார்லி ஆண்ட்ரூ வயதில் மிக இளையவர், பிங்க் ஃபிளாய்டின் பெருமையைத் தலையில் சுமக்காதவர். இந்த இடத்தில் கிட்டார் சோலோ (தனி வாசிப்பு) எதற்கு, எல்லாப் பாட்டும் மெல்லத் தேய்ந்துதான் முடிய வேண்டுமா என்றெல்லாம் அவர் கேட்டதாகக் கில்மர் மகிழ்ச்சியோடு சொல்லியிருக்கிறார். என் கணிப்பில் இந்த ஆல்பம் சிறந்திருப்பதற்குப் பாதிக் காரணம் அந்தக் கேள்விகள்தான்.

தலைப்புப் பாடலைக் கேட்ட கையோடு, கூடுதல் தடமாகச் சேர்க்கப்பட்டிருக்கும் அதன் மூல வடிவத்தையும் போடுங்கள். 2007-இல் கில்மரின் வீட்டுக் களஞ்சியக் கொட்டிலில் நண்பர்கள் சும்மா கூடி வாசித்தபோது பதிவானது அது; ஏறத்தாழ 14 நிமிடம். கீபோர்டு வாசிப்பவர் ‘விஷ் யூ வேர் ஹியர்’ ஆல்பத்தில் நீங்கள் கேட்ட அதே ரிச்சர்ட் ரைட். மறு ஆண்டு அவர் இறந்துபோனார். கில்மரின் கிட்டார் ஒரு கேள்வி கேட்பதையும், ரைட் அதற்கு அவசரமின்றிப் பதில் சொல்வதையும் கவனியுங்கள். பின்பு 1975-க்குத் திரும்பிப் போய், இதே இருவரும் பேசிக்கொள்வதை மீண்டும் ஒருமுறை கேளுங்கள்.