பித்தக்குழாய் அடைப்புக்கு உலோக ஸ்டென்ட்: நம் கடற்கரையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மஞ்சள் காமாலை என்றாலே தொண்டியிலிருந்து சாயல்குடி வரை முதலில் தேடுவது கீழாநெல்லியைத்தான். எந்த ஊரில் யார் மருந்து கொடுக்கிறார், எந்தக் கிழமை வெறும் வயிற்றோடு போக வேண்டும் என்று ஆளுக்கொரு தகவல் வைத்திருப்போம். கிருமியால் வரும் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானாக இறங்கிவிடும், பேர் மருந்துக்குப் போய்விடும். கணையத் தலையிலோ பித்தப்பையிலோ பித்தக்குழாயிலோ கட்டி வந்து, ஈரலிலிருந்து குடலுக்குப் பித்தம் போகும் அந்தக் குழாயை நெரித்தால் அந்த மஞ்சள் எந்தப் பச்சிலைக்கும் இறங்காது. ஐம்பதைத் தாண்டியவருக்கு வலியே இல்லாமல் கண் மஞ்சளாகி, மலம் வெளிறி, சிறுநீர் கறுத்து, உடம்பெல்லாம் அரித்து, எடையும் குறைகிறதா? மூன்று வாரம் பத்தியம் இருந்து பார்க்காதீர்கள். அந்த வாரமே ரத்தப் பரிசோதனையும் வயிற்று ஸ்கேனும் எடுத்துவிடுங்கள்.

அடைப்பு என்று தெரிந்ததும் நேர் எதிரான தவறு நடக்கிறது. "எப்படியாவது மஞ்சளை இறக்குங்க சார்" என்று அவசரப்படுத்துகிறோம். பித்தம் வடிய அடைப்புக்குள் வைக்கும் சின்னக் குழாய்தான் ஸ்டென்ட். அதை வைப்பதற்கு முன்பே நல்ல சி.டி. ஸ்கேன் எடுத்து, கட்டியை வெட்டி எடுக்க முடியுமா என்று அறுவை மருத்துவரிடம் கேட்டாக வேண்டும். ஸ்டென்ட் உள்ளே போன பிறகு எடுக்கும் படத்தில் கட்டியின் எல்லை அவ்வளவு தெளிவாகத் தெரியாது. 2010-ல் வெளியான நெதர்லாந்து ஆய்வு ஒன்றில், கணையத் தலைக் கட்டிக்கு நேராக அறுவைக்குப் போனவர்களில் 39 சதவீதம் பேருக்குத்தான் கடுமையான சிக்கல்கள் வந்தன. முதலில் ஸ்டென்ட் வைத்துவிட்டுப் போனவர்களில் அது 74 சதவீதம். அதில் வைத்தவை பிளாஸ்டிக் ஸ்டென்டுகள் என்பதையும் சொல்ல வேண்டும். பித்தக்குழாயில் சீழ்க் காய்ச்சல் இருந்தாலோ, மஞ்சள் மிக அதிகமாக ஏறியிருந்தாலோ, அறுவை தள்ளிப்போனாலோ, முதலில் கீமோ கொடுப்பதாக இருந்தாலோ கணக்கு வேறு.

சரி, ஸ்டென்ட்தான் வழி என்றாகிவிட்டது. பிளாஸ்டிக்கா, உலோகமா? விலையை மட்டும் பார்த்து பிளாஸ்டிக் என்று முடிவெடுப்பவர்கள் நிறையப் பேர். பிளாஸ்டிக் குழாயின் விட்டம் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர். பித்தக் கசடு படிந்து அடைபடும் என்பதால் பொதுவாக மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவார்கள். உலோக ஸ்டென்ட் நிக்கலும் டைட்டானியமும் கலந்த கம்பி வலை. மெல்லிய குழலுக்குள் அமுக்கி வைத்து, வாய்வழியாக எண்டோஸ்கோப் என்ற கேமராக் குழாயைச் செலுத்திக் கொண்டுபோய் அடைப்பின் குறுக்கே விடுவிப்பார்கள். எக்ஸ்ரே திரையில் அதைப் பார்த்தால் கட்டி நெரிக்கும் இடத்தில் ஒடுங்கியே நிற்கும்; ஒன்றிரண்டு நாளில் 8 முதல் 10 மில்லிமீட்டர் வரை தானே விரியும். ராமேஸ்வரத்திலிருந்து, இதற்காகப் போகும் மதுரை ஏறக்குறைய 170 கிலோமீட்டர். குழாய் அடைபடும்போதெல்லாம் வண்டிச் செலவு, காய்ச்சல், இடையில் நின்றுபோகும் கீமோ எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், கட்டியை அறுக்க முடியாதவருக்கு பிளாஸ்டிக் மலிவு என்று நான் சொல்லமாட்டேன். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் எவ்வளவு கிடைக்கும் என்பதை அட்மிஷனுக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

அதற்காக எல்லோருக்கும் உலோகம் என்றும் இல்லை. உறை இல்லாத வலை, சதையோடு ஒட்டி வளர்ந்துவிடும். பிறகு எடுப்பது மிகக் கடினம். புற்றுநோய்தான் என்று பயாப்சியில் (சதைத் துணுக்கு எடுத்துச் செய்யும் பரிசோதனையில்) உறுதியாகாமல் அதை வைக்கக் கூடாது. உறை போட்டதை எடுக்கலாம், ஆனால் இடம் நகர்ந்துவிடக்கூடும். ஈரலுக்குள் குழாய்கள் பிரியும் இடத்தில் அடைப்பு என்றால், உறை போட்ட ஸ்டென்ட் பக்கக் கிளைகளையே மூடிவிடும். அந்த இடத்து வேலை அனுபவமுள்ள கை கேட்கும்.

சின்ன விஷயங்களும் உண்டு. ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரையைச் சொல்லாமல் மறைப்பது. வெறும் வயிற்றோடு வரச் சொன்னால், பரமக்குடியில் பஸ் நிற்கும்போது இறங்கி ஒரு டீ குடித்துவிட்டு வருவது. டீக்கே அன்றைய வேலை தள்ளிப்போகும்.

வீட்டுக்கு வந்தபின் மஞ்சள் இறங்க வாரக்கணக்கில் ஆகும். மறுநாளே கண் வெளுக்கவில்லை என்று பயப்பட வேண்டாம். இறங்கியதும் "நோய் போயிருச்சு" என்று கீமோவை நிறுத்துவது அதைவிட மோசம். ஸ்டென்ட் வழியைத் திறந்துவிட்டதே தவிர கட்டியைத் தொடவில்லை. பத்தியம் என்று மீனை நிறுத்துவதும் அப்படித்தான். கடலோரத்தில் இருந்துகொண்டு, உடம்பு கரைந்துகொண்டிருக்கும் மனிதருக்கு ரசஞ்சோறு மட்டும் போடுவது அநியாயம். காரலோ நகரையோ குழம்பாக வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை கொடுக்கலாம். மலம் எண்ணெய்ப் பிசுக்காகப் போனால் மருத்துவரிடம் சொல்லுங்கள். செரிமான நொதி மாத்திரை கொடுத்தால் அதைச் சாப்பாட்டோடு சேர்த்தே விழுங்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது காய்ச்சலை அலட்சியம் செய்வது. உலோக ஸ்டென்டும் அடைபடும்: வலையின் கண்கள் வழியாகக் கட்டி உள்ளே வளரும், கசடு படியும். அப்போது பித்தத்தில் கிருமி பெருகி ரத்தத்தில் கலக்கும். ராத்திரி பத்து மணிக்குக் குளிர் நடுக்கம் வந்தால் "பனிக்காத்து, ஒரு டோலோ போட்டுப் படுங்கத்தா, காலையில பாப்போம்" என்பார்கள். விடிவதற்குள் ரத்த அழுத்தம் விழுந்துவிடலாம். வயதானவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமல் பிதற்றல் மட்டும் வருவதும் உண்டு. ஸ்டென்ட் வைத்தவருக்கு நடுக்கத்தோடு காய்ச்சல், மறுபடி மஞ்சள் இரண்டில் எது வந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். ஸ்டென்ட் வைத்த முதல் சில நாட்களில் முதுகுக்குப் பாயும் வயிற்றுவலியோ கறுப்பு மலமோ வந்தாலும் அப்படியே. மதுரைக்கே போய்ச் சேரவேண்டும் என்று காத்திருக்காமல், ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்து, நரம்பு வழியாக ஆன்டிபயாடிக்கைத் தொடங்கிவிட்டு, அதன்பின் ஸ்டென்ட் வைத்த இடத்துக்குப் போகலாம்.

அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரி மருத்துவர் முதலில் கேட்பது டிஸ்சார்ஜ் சம்மரியைத்தான்: எந்தத் தேதியில், என்ன ஸ்டென்ட், உறை போட்டதா, எத்தனை? எம்.ஆர்.ஐ. எடுக்கும் இடத்திலும் இதையே கேட்பார்கள். ஃபைல் மூத்த மகனின் பீரோவில் பூட்டியிருக்கும், அவரோ தொழிலுக்குப் போய்க் கடலில் இருப்பார். அதனால் சம்மரியின் எல்லாப் பக்கங்களையும் போட்டோ எடுத்து, வீட்டில் இருக்கும் பெண்களில் இரண்டு பேர் போனிலாவது போட்டு வையுங்கள்.