மூச்சை எண்ணிப் பார்ப்பது எப்படி?

உடம்பு சுட்டால் தெர்மாமீட்டர் வைக்கிறோம். பிரஷர் பார்க்கிறோம், சுகர் பார்க்கிறோம். நிமிடத்துக்கு எத்தனை மூச்சு ஓடுகிறது என்று மட்டும் வீட்டில் யாரும் எண்ணுவதில்லை. நுரையீரலில் சளி கட்டினாலும், ரத்தத்தில் கிருமி பரவினாலும், சர்க்கரை நோயாளிக்கு ரத்தத்தில் அமிலம் ஏறினாலும் முதலில் மாறுபவற்றில் ஒன்று இந்த எண்தான். எண்ணுவதற்கு செல்போன் டைமரும், நல்ல வெளிச்சமும், ஒரு நிமிடப் பொறுமையும் போதும்.

எங்கே பார்ப்பது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். மூச்சை உள்ளே இழுக்கும் வேலையில் பெரும்பங்கு உதரவிதானத்துடையது. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே கவிழ்த்த குடை போல இருக்கும் தசை அது. சுருங்கும்போது ஒன்றிரண்டு செ.மீ. கீழே இறங்கும், கல்லீரலும் குடலும் அழுத்தப்பட்டு வயிறு முன்னால் எழும்பும். கூடவே விலா எலும்புகளும் சற்று மேலேறி நெஞ்சு விரியும். வெளியே விடும்போது தசைக்கு வேலை இல்லை, விரிந்த நுரையீரல் தானாகவே சுருங்கிக்கொள்ளும். சும்மா உட்கார்ந்திருப்பவர் மூச்சை வெளியே விடுவதற்கே வயிற்றை இறுக்கித் தள்ளினால் மூச்சுக்குழாய்கள் குறுகியிருக்கின்றன என்று அர்த்தம். ஆஸ்துமா இழுப்பில் பார்ப்பது இதைத்தான்.

பெரியவர்களுக்கு எண்ணும்போது அவர்களிடம் சொல்லாதீர்கள். இதயத்துடிப்பு நம் விருப்பத்துக்கு அடங்காது, மூச்சு அடங்கும். மூளையின் அடிப்பகுதியில் உள்ள முகுளம் தானாக நடத்தும் வேலைதான் என்றாலும், யாரோ எண்ணுகிறார்கள் என்று தெரிந்தால் மூச்சின் வேகம் மாறிவிடும். நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கண்ணை வயிற்றின் மேல் வையுங்கள். நடந்து வந்தவர், படியேறியவர் என்றால் பத்து நிமிடம் உட்கார்ந்த பிறகு எண்ணுங்கள். வயிறு ஒருமுறை எழும்பித் தாழ்ந்தால் அது ஒன்று. எழும்புவதை ஒன்று, தாழ்வதை இரண்டு என்று எண்ணிவிட்டுப் பதறி ஓடிவருகிறவர்கள் உண்டு.

60 வினாடியும் முழுதாக எண்ணுங்கள். 15 வினாடி எண்ணி நாலால் பெருக்கினால், ஒரு மூச்சு தவறினாலும் கணக்கில் நாலு தவறும். கைக்குழந்தைக்கு அது இன்னும் ஆகாது. பச்சிளம் குழந்தையின் மூச்சு சீராக ஓடாது. வேகமாக ஓடும், ஐந்து பத்து வினாடி நிற்கும், மறுபடி ஓடும். இந்த நிறுத்தம் இயல்புதான். 20 வினாடியைத் தாண்டினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, குழந்தை துவண்டாலோ இயல்பில்லை.

குழந்தைக்கு எண்ணுவதுதான் கடினம், அதிகம் பயன்படுவதும் அங்கேதான். அம்மா மடியில் அமைதியாகக் கிடக்கும்போது, அல்லது தூங்கும்போது எண்ண வேண்டும். அழும்போதும் பால் குடிக்கும்போதும் எண்ணினால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. சட்டையை நெஞ்சு வரை தூக்கிவிட்டு, விலா முடிந்து வயிறு தொடங்கும் இடத்தைப் பாருங்கள். வெளிச்சம் நேர் மேலிருந்து விழுவதைவிடப் பக்கவாட்டு ஜன்னலிலிருந்து விழுந்தால் நல்லது. வயிறு எழும்பும்போது நிழல் நகரும், சின்ன அசைவும் தப்பாது. ஒரு நிமிடத்துக்கு அலாரம் வைத்துவிட்டால் கடிகாரத்தையும் வயிற்றையும் மாறி மாறிப் பார்க்க வேண்டியதில்லை.

இருமல், சளி உள்ள குழந்தைக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் அளவு இது: 2 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு நிமிடத்துக்கு 60-ம் அதற்கு மேலும், 2 மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50-ம் மேலும், ஒரு வயது முதல் ஐந்து வயதுக்குள் 40-ம் மேலும் இருந்தால் வேகமூச்சு. இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60-ஐத் தொட்டால் இன்னொரு முறை எண்ணி உறுதி செய்யுங்கள். காய்ச்சலும் எண்ணிக்கையைக் கூட்டும். அதற்காக ‘காய்ச்சலால்தான்’ என்று நீங்களே முடிவுகட்டி இருந்துவிடாதீர்கள். வேகமூச்சு தெரிந்த அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.

எண்ணி முடித்ததும் விலாவின் கீழ்ப்பகுதியைக் கவனியுங்கள். மூச்சு உள்ளே போகும்போது நெஞ்சின் கீழ்ச்சுவர் வெளியே வர வேண்டும். அதற்குப் பதிலாக உள்ளே குழிந்தால், உதரவிதானம் முழுப் பலத்தோடு இழுத்தும் காற்று போதிய அளவு நுழையவில்லை. குழந்தையின் விலாவில் குருத்தெலும்பு அதிகம். அந்த இழுப்புக்கு வளைந்துகொடுத்து உள்ளே போய்விடுகிறது. அழும்போது மட்டும் ஒரு தடவை குழிந்தால் கணக்கில் சேர்க்க வேண்டாம். அமைதியாக இருக்கும்போது ஒவ்வொரு மூச்சுக்கும் தெளிவாகக் குழிந்தால் தாமதிக்கக் கூடாது. மூக்கு அடைத்திருந்தாலும் சிறு குழந்தைக்கு இப்படித் தெரியலாம். மூக்கைச் சுத்தம் செய்துவிட்டு மறுபடி பாருங்கள்.

சின்ன வீக்கம் குழந்தையை ஏன் இவ்வளவு படுத்துகிறது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. காற்று சீராக ஓடும் குழாயில் விட்டம் பாதியானால் எதிர்ப்பு 16 மடங்காகும். 4 மி.மீ. அகலமுள்ள குழந்தையின் மூச்சுக்குழாயில் சுற்றிலும் 1 மி.மீ. வீங்கினால் மிஞ்சுவது 2 மி.மீ.தான். அதே வீக்கம் 8 மி.மீ. குழாயில் வந்தால் எதிர்ப்பு சுமார் 3 மடங்கோடு நிற்கும்.

பெரியவர்களுக்கு ஓய்வில் 12 முதல் 20 வரை இயல்பு. பிரிட்டன் மருத்துவமனைகளில் நோயாளியின் நிலை மோசமாவதை முன்கூட்டிக் கண்டுபிடிக்கும் மதிப்பெண் முறை ஒன்று உண்டு. அதில் 21 முதல் 24 வரை எச்சரிக்கை, 25-ம் அதற்கு மேலும், 8-ம் அதற்குக் கீழும் பெரிய ஆபத்தைக் குறிக்கும் உச்ச மதிப்பெண். மூச்சு வேகமாக ஓடினால் காற்று நிறைய கிடைக்கும் என்று தோன்றும், அப்படியில்லை. ஒரு சாதாரண மூச்சு சுமார் 500 மி.லி. அதில் 150 மி.லி. மூக்கிலிருந்து மூச்சுக்குழாய் வரையிலேயே தங்கிவிடும், ரத்தத்தோடு சேராது. நிமிடத்துக்கு 12 மூச்சு என்றால் காற்றுப்பைகளுக்குப் போவது 12 × 350, அதாவது 4,200 மி.லி. ஒருவர் 200 மி.லி. வீதம் 30 மேல்மூச்சு வாங்கினால் மொத்தக் காற்று அதே 6,000 மி.லி.தான். ஆனால் காற்றுப்பைக்குப் போவது 30 × 50, வெறும் 1,500. படபடவென்று மேலோட்டமாக மூச்சு வாங்குகிறவர் களைத்துப்போவது இதனால்தான்.

வேகம் இருந்தும் ஆழமும் இருந்தால் வேறு கதை. சர்க்கரை நோயாளி நெஞ்சில் சளி எதுவுமில்லாமல் ஆழமாக, ஓயாமல் மூச்சு வாங்குகிறார், வாந்தியும் வயிற்றுவலியும் இருக்கிறது என்றால் ரத்தத்தில் ஏறிய அமிலத்தை கரியமில வாயுவாக வெளியேற்ற உடம்பு போராடுகிறது. விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கும் ஆக்சிமீட்டரில் 98 காட்டினாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவர் அவர்.

ஆக்சிமீட்டரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் 100-லிருந்து 60-க்கு இறங்கினாலும், அந்தக் கருவி காட்டும் எண் 97, 98-லிருந்து 90 வரைதான் இறங்கும். அதற்குப் பிறகுதான் சரிவு. அந்த எண் இறங்கும் முன்பே மூச்சு வேகமெடுத்திருக்கக்கூடும். விரல் சில்லிட்டிருந்தால், நகப்பூச்சோ மருதாணியோ இருந்தால், கை அசைந்தால் தவறாகக் காட்டும். கருத்த தோலில் உண்மையைவிடச் சற்றுக் கூட்டிக் காட்டவும் வாய்ப்புண்டு. நாடி எண் அலையாமல் அரை நிமிடம் நின்ற பிறகே எழுதிக்கொள்ளுங்கள். 97 இருக்கிறதே என்று, நிமிடத்துக்கு 32 மூச்சு வாங்குகிறவரை வீட்டில் வைத்துக்கொண்டிருப்பது ஆபத்து.

இழுப்பு வந்து திணறியவரின் எண்ணிக்கை திடீரென்று குறைவதும், வீசிங் சத்தம் அடங்குவதும் எப்போதும் நல்ல செய்தி அல்ல. தெளிவாகப் பேசுகிறாரா, முகம் தெளிந்திருக்கிறதா என்று பாருங்கள். மயக்கமாக, தூங்கி வழிந்தபடி மூச்சு குறைந்தால் தசைகள் களைத்துவிட்டன. நெஞ்சு எழும்பும்போது வயிறு உள்ளே போவதும் அதே களைப்பின் அடையாளம்.

ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் சொல் சொல்லாக நிறுத்திப் பேசுவது, உதடோ நாக்கோ நீலம் பாய்வது, குழந்தை பால் குடிக்க முடியாமல் போவது, வலிப்பு, துவண்டு கிடப்பது: இவற்றில் ஒன்று இருந்தாலும் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்: தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990. மற்ற சமயங்களில் அரைமணிக்கு ஒருமுறை எண்ணி, நேரம், எண்ணிக்கை, அப்போது தூக்கமா விழிப்பா, காய்ச்சல் எவ்வளவு என்ற நாலையும் ஒரே வரியில் குறித்து வையுங்கள். டாக்டரிடம் ‘மூச்சு வாங்குது’ என்று சொல்வதைவிட, ‘ஆறு மணிக்கு 38, ஏழு மணிக்கு 46, ரெண்டு தடவையும் தூங்கிட்டிருந்தான்’ என்று சொன்னால் அவருக்கு அடுத்து என்ன செய்வதென்று உடனே தெரியும்.