ஹெட்ஃபோனையும் ஆம்ப்பையும் ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹெட்ஃபோனுக்குப் போகும் மின்சிக்னலை வலுப்படுத்தும் ஆம்ப்ளிஃபயர்கள் (சுருக்கமாக ஆம்ப்) இரண்டை மாற்றி மாற்றிக் கேட்டுவிட்டு, "இதில் இசை விரிந்து நிற்கிறது, அதில் பேஸ் மெலிந்துவிட்டது" என்று தீர்ப்புச் சொல்கிறவர்கள் பலர். அவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இரண்டும் ஒரே சத்தத்தில் ஒலித்தனவா? "ஏறக்குறைய" என்று பதில் வந்தால் அந்த ஒப்பீட்டை ஒதுக்கி வைத்துவிடலாம்.

சத்தம் அரை டெசிபலோ ஒரு டெசிபலோ கூடும்போது காது அதைச் சத்தம் என்று அடையாளம் காண்பதில்லை. தெளிவு என்றும் அழுத்தம் என்றும் எடுத்துக்கொள்கிறது. போதாக்குறைக்கு, மெல்லிய சத்தத்தில் நம் காது பேஸை, அதாவது தாழ்ந்த ஒலிகளை, குறைவாகவே உணரும். சத்தம் ஏற ஏற, பேஸும் மற்ற ஒலிகளுக்கு இணையாக எழுந்துவரும். ஃப்ளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933இல் வெளியிட்ட வளைகோடுகள் காட்டுவது இதைத்தான். சற்றே உரக்க ஒலிக்கும் ஆம்ப் தன் தகுதியால் வெல்வதில்லை, வால்யூம் குமிழின் தயவால் வென்றுவிடுகிறது.

ஆம்ப்களின் சத்தம் 0.2 டெசிபலுக்குள் ஒத்துப்போக வேண்டும். காதால் இதைச் செய்ய முடியாது, சாதாரண மல்டிமீட்டரால் முடியும். 300 ஹெர்ட்ஸ் சைன் ஒலியை (ஒரே சுருதியில் ஒலிக்கும் சோதனை ஒலி) ஓடவிட்டு, ஹெட்ஃபோன் செருகியிருக்கும் நிலையிலேயே வெளியீட்டின் ஏசி வோல்ட்டை அளந்து இரண்டையும் சமமாக்குங்கள். வோல்ட் 2 சதவீதத்துக்குள் ஒத்துப்போனால் போதும். விலை குறைந்த மீட்டர்கள் உயர் அதிர்வெண்களில் சரியாகக் காட்டாது என்பதால்தான் 300 ஹெர்ட்ஸ். இந்த வேலைக்குப் பத்து நிமிடம் ஆகும். அதைச் செய்யாமல் மாதக்கணக்கில் கேட்டு எழுதும் குறிப்புகளைவிட அந்தப் பத்து நிமிடம் மேலானது என்பது என் உறுதியான எண்ணம்.

இதே தவறு இன்னொரு வேடத்திலும் வருகிறது. கையடக்க ஆம்ப்கள் பலவற்றில் வழக்கமான 3.5 மில்லிமீட்டர் துளையோடு 4.4 மில்லிமீட்டர் பேலன்ஸ்டு துளையும் (ஒவ்வொரு காதுக்கும் தனித்தனிக் கம்பி ஜோடி) இருக்கும். பேலன்ஸ்டு துளை பெரும்பாலும் இரு மடங்கு வோல்ட் தரும். அதாவது 6 டெசிபல் கூடுதல். கேபிளை மாற்றிச் செருகிய நொடியில் இசை உயிர்பெற்றதுபோல் தோன்றுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். அந்த 6 டெசிபலைக் குறைத்துவிட்டுக் கேட்டபின் என்ன மிஞ்சுகிறது என்று பார்க்க வேண்டும்.

சத்தத்தைச் சமமாக்கிய பிறகும் நினைவு ஏமாற்றும். ஒலியின் நுணுக்கங்களைக் காது சில நொடிகளுக்கு மேல் அப்படியே பிடித்து வைத்திருப்பதில்லை. நேற்று கேட்ட ஆம்ப்பை இன்று கேட்பதோடு ஒப்பிட்டால், ஒப்பிடப்படுவது நேற்றைய மனநிலைதான். பாட்டின் ஒரே பகுதியை, இருபது நொடி அளவுக்கு, உடனுக்குடன் மாற்றிக் கேளுங்கள். எது ஒலிக்கிறது என்று தெரியாதபடி வேறொருவரை மாற்றச் சொன்னால் இன்னும் நல்லது. ஹெட்ஃபோன்களுக்கு இந்த மறைப்பு எளிதில் கைகூடாது. தலையில் ஏறியதுமே எடையும் மெத்தையின் தொடுகையும் எது என்று காட்டிக்கொடுத்துவிடும்.

ஓம் எண்ணை மட்டும் பார்ப்பது

"300 ஓம் ஹெட்ஃபோன், அதனால் பெரிய ஆம்ப் தேவை, 50 ஓம், அதனால் ஃபோனே போதும்." ஓம் என்பது மின்னோட்டத்துக்கு ஹெட்ஃபோன் காட்டும் எதிர்ப்பின், அதாவது மின்மறுப்பின், அளவு. அடிக்கடி கேட்கும் இந்த வாதத்தில் பாதிக் கணக்குதான் இருக்கிறது. கொடுத்த மின்சாரத்துக்கு எவ்வளவு சத்தம் எழும் என்று சொல்லும் உணர்திறன் என்ற மறு பாதி விடுபட்டுவிடுகிறது. அந்த உணர்திறனைச் சில நிறுவனங்கள் ஒரு மில்லிவாட்டுக்கு இத்தனை டெசிபல் என்றும், சில ஒரு வோல்ட்டுக்கு இத்தனை டெசிபல் என்றும் அச்சிடுகின்றன. இரண்டும் வேறு வேறு அளவுகள். அவற்றை அப்படியே அருகருகே வைத்து ஒப்பிடுவது கிலோமீட்டரையும் மைலையும் கூட்டுவது போன்றது.

300 ஓம், மில்லிவாட்டுக்கு 97 டெசிபல் என்று ஒரு ஹெட்ஃபோனை எடுத்துக்கொள்வோம். இசையின் உச்சங்களில் 110 டெசிபல் எட்ட அதற்கு 20 மில்லிவாட் போதும், கிட்டத்தட்ட 2.5 வோல்ட், 8 மில்லிஆம்பியர். இப்போது ஹைஃபைமேன் எச்இ-6 என்ற பிளேனார் (தட்டையான சவ்வு கொண்ட) ஹெட்ஃபோனைப் பாருங்கள். அது 50 ஓம்தான், ஆனால் உணர்திறன் மில்லிவாட்டுக்கு 83.5 டெசிபல். அதே 110ஐ எட்ட ஏறத்தாழ 450 மில்லிவாட் வேண்டும், 4.7 வோல்ட், 95 மில்லிஆம்பியர். ஓம் குறைவான இந்த ஹெட்ஃபோன்தான் ஆம்ப்பைத் திணறடிக்கிறது. சட்டைப்பையில் அடங்கும் பல ஆம்ப்கள் இங்கே ஒலியின் உச்சத்தில் சிதைந்துபோகும்.

மறுபக்கமும் உண்டு. ஆப்பிளின் சிறிய யூஎஸ்பி-சி அடாப்டர் சுமார் 1 வோல்ட் தரும். ஐரோப்பாவில் விற்கும் பதிப்பு அதில் பாதி. முதலில் சொன்ன 300 ஓம் ஹெட்ஃபோன் அந்த 1 வோல்ட்டிலேயே 102 டெசிபலைத் தொடும். பலருக்கு அதுவே அதிகம். தேவைக்குமேல் வாட் வாங்கினால் ஒலி மேம்படாது, குமிழைக் குறைவாகத் திருப்புவோம், அவ்வளவுதான். அதிலும் ஒரு கேடு இருக்கிறது. சாதாரணக் குமிழ்களில் தொடக்கச் சுற்றில் இடப்பக்கமும் வலப்பக்கமும் சமமாக ஒலிக்காது. உணர்திறன் மிக்க இயர்ஃபோனை உயர் கெயினில் (ஆம்ப் சிக்னலைப் பெருக்கும் மடங்கு) செருகினால் பின்னணியில் "உஸ்" என்ற இரைச்சலும் சேர்ந்துகொள்ளும். இயர்ஃபோனைக் கேட்கும்போது கெயினைக் குறைத்து வைக்காதவர், அந்த ஆம்ப் இரைச்சல் மிக்கது என்று எழுதுவது நியாயமல்ல.

ஆம்ப்பின் வெளியீட்டு மின்மறுப்பை, அதாவது ஹெட்ஃபோனுக்கு மின்சாரம் போகும் வழியில் ஆம்ப்புக்குள்ளேயே இருக்கும் எதிர்ப்பை, பெரும்பாலானோர் பார்ப்பதே இல்லை. ஆம்ப்களுக்கு இடையே உண்மையிலேயே காதுக்குத் தெரியும் வித்தியாசம் வருவதென்றால், அடிக்கடி இந்த வழியாகத்தான் வருகிறது. நுண்ணிய உலோக நாக்கை அசைத்து ஒலி எழுப்பும் பேலன்ஸ்டு ஆர்மேச்சர் இயர்ஃபோன்கள் பலவற்றின் மின்மறுப்பு அதிர்வெண்ணுக்கு ஏற்ப ஏறி இறங்கும். ஓரிடத்தில் 8 ஓம், வேறிடத்தில் 40 ஓம் என்றால், 10 ஓம் வெளியீடு உள்ள ஆம்ப் அந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே 5 டெசிபல் சாய்வை உண்டாக்கிவிடும். வெளியீடு 1 ஓம் என்றால் அந்தச் சாய்வு 1 டெசிபலுக்குள் அடங்கும். ஹெட்ஃபோனின் மின்மறுப்பில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் ஆம்ப்பின் வெளியீடு இருக்கக் கூடாது என்ற வழக்கு இதனால்தான். 2011இல் வெளிவந்த ஓ2 என்ற திறந்த வடிவமைப்புக் கையடக்க ஆம்ப் இந்த எண்ணைச் சுமார் அரை ஓமுக்குக் கீழிறக்கி வைத்தது. பிளேனார் ஹெட்ஃபோன்களின் மின்மறுப்பு ஏறக்குறைய சமதளம் என்பதால் அவற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆகவே, ஒருவர் ஒரு ஆம்ப்பை "கதகதப்பான ஒலி" என்று சொன்னால், எந்த ஹெட்ஃபோனோடு என்று கேளுங்கள். அவர் கேட்டது அந்த ஜோடியின் ஒலி. உங்கள் ஹெட்ஃபோனில் அது தோன்றாமலே போகலாம்.

தலையில் சரியாக உட்காராத ஹெட்ஃபோன்

மூடிய ஹெட்ஃபோனில் மூக்குக்கண்ணாடியின் கம்பி மெத்தையைச் சற்றே தூக்கினாலும் பேஸ் கசிந்துவிடும். இயர்ஃபோனில் சிலிகோன் முனை ஓர் அளவு சிறிதாக இருந்தாலும் அதே கதி. "பேஸே இல்லை" என்ற புகார்களில் பல, கருவியைப் பற்றியவை அல்ல, பொருத்தத்தைப் பற்றியவை. பழைய மெத்தை அமுங்கித் தட்டையாகிவிட்ட ஹெட்ஃபோனைப் புதியதோடு ஒப்பிடுவதும் வீண்; மெத்தையின் தடிமன் மாறினால் காதுக்கும் ஒலியெழுப்பும் சவ்வுக்கும் உள்ள தூரம் மாறும், ஒலியும் மாறும். நூறு மணி நேரம் ஓட்டினால் ஒலி பழுக்கும் என்பவர்கள் கேட்கும் மாற்றத்தில் பெரும் பங்கு மெத்தை இளகுவதும் காது பழகுவதும்தான்.

ஒவ்வொரு அதிர்வெண்ணும் எவ்வளவு உரக்க ஒலிக்கிறது என்று காட்டும் வரைபடங்களை நம்புகிறவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெவ்வேறு அளவீட்டுக் கருவிகளில் எடுத்த இரண்டு கோடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கக் கூடாது. ஏறத்தாழ 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் தெரியும் முகடுகளையும் பள்ளங்களையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கே செயற்கைக் காதின் வடிவமும் செருகிய ஆழமும் கலந்துவிடுகின்றன. உங்கள் காது வேறு வடிவம்.

வசதியை ஐந்து நிமிடத்தில் முடிவு செய்வதுதான் எனக்கு மிகுந்த வருத்தம் தரும் தவறு, ஏனெனில் அலமாரியில் தூங்கும் ஹெட்ஃபோன்களில் பல அதற்குச் சாட்சி. சென்ஹைசர் எச்டி 600 சுமார் 260 கிராம். ஆடிஸி எல்சிடி-2 அரை கிலோவைத் தாண்டும். முதல் ஐந்து நிமிடத்தில் இரண்டுமே சுகமாகத்தான் இருக்கும். உச்சந்தலையில் ஒரே புள்ளியில் வலி தொடங்குவதும், கண்ணாடிக் கம்பி காதுக்குப் பின்னால் அழுத்துவதும், தோல் மெத்தைக்குள் காது வியர்ப்பதும், காது மடல் உள்துணியில் உரசுவதும் ஒரு மணி நேரத்துக்குப் பிறகே தெரியும். முழு ஆல்பம் ஒன்றைக் கழற்றாமல் கேட்டுப் பாருங்கள். தலையைக் குனிந்து, திரும்பி, சாய்ந்து உட்கார்ந்தும் பாருங்கள். கையடக்க ஆம்ப்புக்கும் இதே சோதனை உண்டு: ஃபோனோடு சேர்த்துப் பையில் வைத்து நடக்கும்போது கேபிள் இழுபடுகிறதா, கைச்சூடு தாண்டிக் கொதிக்கிறதா, குமிழ் தானாகத் திரும்பிவிடுகிறதா?

இவ்வளவு நேரம் கேட்கும்போது சத்தத்தின் அளவையும் மறக்க வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம் என்று எல்லை வகுத்திருக்கிறது. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும். 86 டெசிபலில் 10 மணி நேரம்தான். வலுவான ஆம்ப் ஒன்றைப் புதிதாகச் செருகும்போது குமிழை முழுக்கக் குறைத்துவிட்டு, பாட்டை ஓடவிட்ட பிறகு, மெல்ல ஏற்றுங்கள்.