சயின்ஸ் கிளாஸுக்கு ஸ்லைடா போர்டா, எதை எப்போ எடுக்கணும்

ஸ்லைடு போட்டா மாடர்ன், சாக்பீஸ் பிடிச்சா பழைய பஞ்சாங்கம்னு ஒரு நெனப்பு இருக்கு பாருங்க, அதை முதல்ல ஓரமா வெச்சிடுங்க. நாளைக்கு எடுக்கப்போற பாடத்தைத் துண்டு துண்டா பிரிச்சு, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரே கேள்வி கேளுங்க, இது பசங்க கண்ணால பாக்க வேண்டிய விஷயமா, இல்ல ஒண்ணுலேர்ந்து ஒண்ணா வரவேண்டிய விஷயமா? முதல் வகைக்கு ஸ்லைடு, ரெண்டாவதுக்கு போர்டு. ஒரே பீரியட்ல ரெண்டும் வரும், தப்பே இல்ல.

செல் பிரியறத எடுத்துக்கோங்க. குரோமோசோம் எல்லாம் நடுவுல வரிசை கட்டி நின்னு அப்புறம் ரெண்டு பக்கமும் இழுபட்டுப் போறத நான் எவ்ளோ நல்லா வரைஞ்சாலும் அசையாது, அதுக்கு அனிமேஷன்தான். நிஜ மைக்ராஸ்கோப் போட்டோவும் ஒண்ணு கூட காட்டுங்க, இல்லன்னா செல்லு கலர் கலரா வட்டமா இருக்கும்னே நம்பிடுவாங்க.

டெரிவேஷன், அதாவது ஒரு ஃபார்முலா எப்படி வந்துச்சுன்னு படிப்படியா காட்டறது, வேற கதை. எஸ் ஈக்வல் டு யூடி பிளஸ் அரை ஏடி ஸ்கொயர் (எஸ் தூரம், யூ ஆரம்ப வேகம், ஏ முடுக்கம், டி நேரம்), இதை நான் ஒரு தடவை அழகா ஆறு ஸ்லைடுல போட்டு பத்து நிமிஷத்துல முடிச்சேன், எல்லாரும் தலையாட்டினாங்க, மறுநாள் அந்த ‘அரை’ எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேட்டா கிளாஸே கப்சிப். அப்புறம் போர்டுல வேகம்-நேரம் கிராஃப் போட்டேன், சாய்வா ஒரு கோடு, கோட்டுக்குக் கீழ இருக்கற பரப்புதான் போன தூரம், அடியில செவ்வகம் அது யூடி, மேல முக்கோணம், அதோட அடிப்பக்கம் டி, உயரம் ஏடி, முக்கோணத்தோட பரப்புக்கு அரை வரும்ல, அதான் அந்த அரை! நான் ஒரு கோடு போடற நேரத்துல அவங்களும் நோட்டுல ஒரு கோடு போட்டுடறாங்க, போர்டோட பலமே அந்த மெதுவான வேகம்தான். சர்க்யூட், லென்ஸ் ரே டயகிராம், மோல் கணக்கு எல்லாமே இந்த வகைதான்.

ஸ்லைடு செய்யும்போது முழு வாக்கியமா எழுதி அதையே வாசிக்காதீங்க. படம் + பேச்சு நல்லா வேலை செய்யுது, அதே பேச்சை எழுத்தாவும் பக்கத்துல போட்டா கத்துக்கறது குறையுதுன்னு ரிச்சர்ட் மேயர்னு ஒரு சைக்காலஜிஸ்ட் சோதனை பண்ணியே காட்டியிருக்காரு. கிராஃப் காட்டறதா இருந்தா முதல்ல ரெண்டு அச்சு மட்டும் காட்டி, கோடு எப்படிப் போகும்னு பசங்களையே கையால காத்துல வரையச் சொல்லுங்க, அப்புறமா அந்தக் கோட்டைக் காட்டுங்க. சிவப்பு-பச்சை வச்சு மட்டும் வித்தியாசம் காட்டாதீங்க, அந்த ரெண்டும் பிரிஞ்சு தெரியாத பையன் கிளாஸ்ல இருக்கலாம். பவர்பாயிண்ட் ஓடும்போது கீபோர்டுல ‘B’ தட்டினா திரை கருப்பாயிடும், எல்லா கண்ணும் உங்க பக்கம் வந்துடும். இது தெரியாமயே நான் பல வருஷம் ஓட்டியிருக்கேன்.

ஆனா எதுல எடுத்தாலும் நாமளே பேசிட்டே இருந்தா பிரயோஜனம் கம்மி. 2014-ல 225 ஆய்வுகளைச் சேர்த்துப் பாத்ததுல, வெறும் லெக்சர் கேட்டவங்க ஃபெயிலாகற வாய்ப்பு, கிளாஸ்ல ஏதாவது செஞ்சு கத்துக்கிட்டவங்களை விட ஒன்றரை மடங்குன்னு வந்துச்சு. அதனால ஹார்வர்டுல எரிக் மஸூர்ங்கற ஃபிசிக்ஸ் புரொஃபசர் 1990-கள்லேர்ந்து பண்ற வழியைப் பிடிச்சுக்கோங்க: யோசிக்க வைக்கற ஒரு கேள்வி, நாலு விடை, முதல்ல தனியா கை தூக்கணும், அப்புறம் பக்கத்துல இருக்கறவன்கிட்ட ரெண்டு நிமிஷம் வாதாடணும், திரும்ப கை தூக்கணும். எல்லாரும் முதல்லயே சரியா சொல்லிட்டா வாதத்தை விட்டுட்டு அடுத்ததுக்குப் போயிடுங்க. கேள்வியை ஸ்லைடுல போடுங்க, ஏன் அந்த விடைங்கறத போர்டுல போட்டுக் காட்டுங்க.

ஸ்லைடு ஃபைலை கிளாஸுக்கு முன்னாடியே குடுக்கறதா இருந்தா முக்கியமான இடத்தை காலியா விட்டுக் குடுங்க, நிரப்பறதுக்காகவாவது கவனிப்பாங்க. புரொஜக்டர் மக்கர் பண்ணினா போர்டுலயே ஓட்டற மாதிரி ரெண்டு படம் வரைஞ்சு பழகி வெச்சுக்கோங்க. அப்புறம் பசங்க வர்றதுக்கு முன்னாடி கடைசி பெஞ்சுல போய் உக்காந்து உங்க ஸ்லைடையும் போர்டு எழுத்தையும் ஒரு தடவை பாருங்க, பாதி ஸ்லைடை அங்கேயே திருத்த வேண்டி வரும்.