டெத் ரோடு இறக்கமும் மரத்துப்போன விரல்களும்

பொலிவியாவின் லா பாஸில் வாடகைக்கு எடுத்த மவுண்டன் பைக் (மலைச் சைக்கிள்). இரண்டு நாள் பழக்கத்திலேயே, இறக்கத்தில் பிரேக் பிடித்துப் பிடித்து முன்கை இறுகி, விரல்கள் மடங்க மறுத்தன. குளிர்தான் என்று தடித்த கையுறை வாங்கினேன், இன்னும் மோசம். பிரேக் கட்டையை மாற்றியும் பயனில்லை.

மூன்றாம் நாள் டெத் ரோடு, ஆபத்துக்குப் பேர்போன மலைப்பாதை. சுமார் 4,700 மீட்டர் உயர லா கும்ப்ரே கணவாயிலிருந்து யோலோசா கிராமத்தின் 1,200 மீட்டருக்கு, பெரும்பாலும் இறக்கம். கிளம்பும்முன் வழிகாட்டி பைக்கை விட்டுவிட்டு என் விரல்களைப் பார்த்தார். மூன்று விரல், அதுவும் பிரேக் லீவரின் நடுவில்!

ஆலன் கீயால் (அறுகோணச் சாவி) லீவரைப் பிடித்திருக்கும் வளையத்தைத் தளர்த்தி, லீவரை ஹேண்டில்பாரின் உள்பக்கம் ஒரு விரற்கடை தள்ளினார். இப்போது ஆள்காட்டி விரல் மட்டும் லீவர் நுனி வளைவில் உட்கார்ந்தது. நுனியில் இழுத்தால் பாதி பலம் போதும், நெம்புகோல் கணக்குதான். அப்புறம் சின்னத் திருகைத் திருப்பி லீவரைக் கிட்டே கொண்டுவந்தார்.

யோலோசாவில் ஷூ கயிற்றை நானே அவிழ்த்தேன். (அந்தப் பைக்கில் முன்பிரேக் இடது கையில், நம்மூரில் வலது. கிளம்பும்முன் பார்த்துக்கொள்ளுங்கள்.)