ஜூலை முதலாம் திகதி வீடு மாறுகிறீர்களா? மொன்றியலில் சாமான் கட்டும் முறை

மொன்றியலில் பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்கள் ஜூன் 30இல் முடிகின்றன. அதனால் ஜூலை 1, கனடா தின விடுமுறையன்று, பாதி நகரம் லொறியும் பெட்டியுமாக வீதியில் நிற்கும். லொறியை மாதக்கணக்கில் முன்பே பதிவு செய்துவிடுங்கள். கடைசி வாரத்தில் கிடைத்தாலும் நெருப்பு விலை. அதைவிட முக்கியம்: ஓராண்டு ஒப்பந்தம் இங்கே தானாகவே புதுப்பிக்கப்படும். வெளியேறுவதானால் ஒப்பந்தம் முடிவதற்கு ஆறு மாதத்துக்கு முந்தாமலும் மூன்று மாதத்துக்குப் பிந்தாமலும் எழுத்தில் அறிவித்திருக்க வேண்டும். வீட்டுக்காரர் வாடகை உயர்வுக் கடிதம் தந்தால் ஒரு மாதத்துக்குள் பதில் எழுதுங்கள். பேசாமல் இருந்தால் சம்மதித்ததாகவே சட்டம் கொள்ளும்.

கட்டத் தொடங்குமுன் இரண்டு வீடுகளின் படிகளையும் ஏறிப் பாருங்கள். இந்நகரின் பழைய மாடி வீடுகள் பலவற்றில் வெளிப்புறம் வளைந்தேறும் குறுகிய இரும்புப் படிதான் வழி. அந்த வளைவில் இருபது கிலோப் பெட்டியுடன் திரும்புவது ஆபத்து. அரிசி, புத்தகம், பருப்பு போன்ற கனமானவற்றைச் சிறிய பெட்டிகளிலும் தலையணை, குளிர் அங்கி போன்றவற்றைப் பெரிய பெட்டிகளிலும் போடுங்கள். மதுக்கடைகளில் வைன் பெட்டிகளைக் கேட்டுப் பாருங்கள். உள்ளே தடுப்பு இருந்தால் கண்ணாடிக் குவளைகளுக்கு அதைவிட நல்ல பெட்டி இல்லை.

நம்மவர் வீடுகளில் குசினிதான் பெரிய வேலை. கிரைண்டரின் குழவிக் கல்லைக் கழற்றித் துணியில் சுற்றித் தனியே எடுங்கள்; உள்ளேயே விட்டால் ஆட்டத்தில் பாத்திரத்தை நெளித்துவிடும். வறுத்த மிளகாய்த்தூளை இரட்டைப் பொலித்தீன் பையில் கட்டி, மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். துணிப் பெட்டிக்கு அருகில் வைத்தால் சேலைகளில் ஏறிய வாசம் இலேசில் போகாது. குத்துவிளக்கின் பாகங்களைக் கழற்றிப் பழைய சேலையில் சுற்றலாம். சாமிப் படங்களைப் படுக்க வைக்காமல், கண்ணாடியோடு கண்ணாடி பார்க்க, நடுவில் துணி வைத்து நிமிர்த்தி அடுக்குங்கள்.

ஒரு பெட்டி மட்டும் கடைசியாக ஏறி முதலில் இறங்க வேண்டும்: பால் காய்ச்சும் பாத்திரம், சீனி, தேயிலை, மருந்து, மின்குமிழ், கத்தரிக்கோல், பிள்ளைகளின் உடுப்பு. கடவுச்சீட்டு, குடிவரவுக் கடிதங்கள், நகை ஆகியவை லொறியிலேயே ஏறக் கூடாது, உங்கள் தோளில்தான் இருக்க வேண்டும்.

மொன்றியல் இருக்கும் கியூபெக் மாகாணத்தில் பல வாடகை வீடுகளில் அடுப்பும் குளிர்சாதனப் பெட்டியும் இருக்காது. சொந்தமாக வைத்திருப்பவர்கள் அவற்றையும் சுமக்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டிக்கு, வீடு மாறுவதற்கு முந்தின நாளே மின்சாரத்தைத் துண்டித்துப் பனியை உருகவிட்டுத் துடையுங்கள். நிமிர்த்தியே கொண்டு செல்லுங்கள். புதிய வீட்டில் சில மணி நேரம் அப்படியே நிற்கவிட்ட பிறகே மின்சாரம் கொடுங்கள்.

ஜூலை 1 அன்று நடைபாதையில் மெத்தையும் சோபாவும் குவிந்து கிடக்கும். எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் எடுக்காதீர்கள். மூட்டைப்பூச்சி வீட்டுக்குள் நுழைந்தால் விரட்டப் படும் பாடு கொஞ்சமல்ல.

ஹைட்ரோ கியூபெக் மின்கணக்கைச் சில வாரங்கள் முன்பே மாற்றக் கேளுங்கள். மருத்துவ அட்டை, ஓட்டுநர் உரிமம் இரண்டுக்கும் மாகாண அரசின் முகவரி மாற்றச் சேவையில் ஒரே தடவையில் அறிவித்துவிடலாம். வங்கிக்கும் பள்ளிக்கும் தனித்தனியே சொல்ல வேண்டும்.