குளியலறை மூலையில் முட்டும் ஸ்டட்டைச் செதுக்குவது எப்படி?

அமெரிக்க வீடுகளில் டிரைவாலைக் (சுவரை மூடும் ஜிப்சம் பலகையை) கழற்றினால், பெரும்பாலும் 16 அங்குலத்துக்கு ஒன்றாக ஸ்டட்கள், அதாவது சுவரைத் தாங்கும் செங்குத்து மரச் சட்டங்கள், நிற்கும். பழைய டப்பை (குளியல் தொட்டியை) எடுத்துவிட்டு, 60 அங்குலப் புது டப்பை உள்ளே தள்ளினேன். மூலை ஸ்டட் கால் அங்குலம் புடைத்திருந்ததால் விளிம்பு முட்டி நின்றுவிட்டது. சர்க்குலர் சாவை (வட்ட ரம்பத்தை) வைக்கவே இடமில்லை. ரெசிப்ரோகேட்டிங் சாவை (முன்னும் பின்னும் ஓடும் நீள ரம்பத்தை) நுழைத்தால், அதன் நுனி படுக்கையறைச் சுவரைத் துளைத்துக்கொண்டு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது! ஒட்டுப்போடவே அரை நாள் போனது. இந்த வேலைக்கு, சின்ன பிளேடு இடவலமாக அதிர்ந்து வெட்டும் ஆஸிலேட்டிங் மல்டி டூல்தான் சரி.

1. முதலில் பிரேக்கரை அணையுங்கள். ஒயரில் மின்சாரம் இல்லை என்று டெஸ்டரால் பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணாடி, மாஸ்க் கட்டாயம். 1978க்கு முன் கட்டிய வீடென்றால் ஈயப் பெயின்ட் இருக்கலாம்; சோதிக்காமல் கை வைக்காதீர்கள்.

2. எவ்வளவு வெட்டலாம்? 2x4 என்று பெயர்தானே தவிர, உண்மை அளவு 1½ x 3½ அங்குலம். அமெரிக்க வீடுகளுக்கான ஐ.ஆர்.சி. கட்டட விதிப்படி, பாரம் தாங்கும் சுவரில் அந்த 3½ அங்குலத்தில் கால்வாசி, அதாவது 7/8 அங்குலம் வரைதான் வெட்டலாம். பாரம் தாங்காத சுவரில் 40 சதவீதம். உங்கள் ஊர் விதியையும் பார்த்துவிடுங்கள். அதற்கு மேல் தேவைப்பட்டால் செதுக்குவதை விட்டுவிட்டு ஸ்டட்டையே மாற்றுவது நல்லது.

3. டப் விளிம்பு முட்டும் இடத்துக்கு மேலும் கீழும் பென்சிலால் கோடு போடுங்கள். பழைய மரத்தில் ஆணி ஒளிந்திருக்கும், அதனால் மரத்தோடு ஆணியையும் வெட்டும் பைமெட்டல் பிளேடு போடுங்கள். பிளேடின் நுனியிலிருந்து கால் அங்குலத்தில் டேப் ஒட்டினால் ஆழம் தப்பாது. இப்போது அரை அங்குலத்துக்கு ஒன்றாக, குறுக்கே வெட்டிக்கொண்டே வாருங்கள். அழுத்த வேண்டாம், புகை வந்தால் அழுத்துகிறீர்கள், இல்லை பிளேடு மழுங்கிவிட்டது.

4. அப்புறம் உளி. தட்டையான பக்கம் ஸ்டட்டில் படியும்படி பிடித்து, திறந்த பக்கத்திலிருந்து மெல்லத் தட்டுங்கள். சில்லுகள் பட்பட்டென்று தெறித்து விழும். எனக்கு மொத்த வேலையிலும் பிடித்தது இந்தப் பத்து நிமிடம்தான்.

5. நேர்ச்சட்டம் வைத்து மேடு பார்த்துச் சீவுங்கள். செதுக்கியதில் ஸ்டட்டின் விளிம்பு உள்ளே போயிருக்கும். ஸ்டட்டைத் துளைத்துப் போகும் ஒயரோ குழாயோ இப்போது அந்த விளிம்பிலிருந்து 1¼ அங்குலத்துக்குள் வந்துவிட்டால், மேலே இரும்பு நெயில் பிளேட் (ஆணி, திருகு உள்ளே இறங்காமல் தடுக்கும் தகடு) அடித்துவிட்டு டப்பைத் தள்ளுங்கள்.